டோனி பென்னெட் ஓடிப்போனாரா?

19 அக்டோபர் 2024, காலை: ஒரு வாசகரின் கேள்வி

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச் டோனி பென்னெட் நேற்று விலகிவிட்டார். வயது 55தான். ஜூன் மாதம்தான் 2030 வரைக்கும் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். முதல் ஆட்டத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. அவரை நம்பிச் சேர்ந்த பையன்கள் நடுத்தெருவில் நிற்கிறார்கள். இப்படி ஓடிப்போனவரை ஏன் எல்லோரும் மகான் மாதிரிக் கொண்டாடுகிறீர்கள்? 2019இல் ஒரு தேசியக் கோப்பை. அதை எடுத்துவிட்டால், மார்ச் மாதம் கல்லூரிகளின் தேசியப் போட்டி வந்தாலே மண்ணைக் கவ்விய ஆள்தானே?

19 அக்டோபர் 2024, இரவு

மண்ணைக் கவ்வினார், உண்மை. ஓடிப்போனார் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் 2011இலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற இதே சார்லட்ஸ்வில் ஊரில் இருக்கிறேன். பென்னெட் வந்தது 2009இல். வந்த முதல் வருடம் 15 வெற்றி, 16 தோல்வி. நாங்கள் வந்த புதிதில் ஆட்டத்துக்குப் போனால் அரங்கத்தில் கால் நீட்டி உட்காரலாம், அவ்வளவு காலியாக இருக்கும். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர், "இவர் ஆடவைப்பதைப் பார்த்தால் தூக்கம் வருகிறது" என்று என்னிடமே சொன்னார். அதே பெரியவர் 2014இல் ஏ.சி.சி. லீக் கோப்பை வந்தபோது அழுதார். 1976க்குப் பிறகு வர்ஜீனியா அந்தக் கோப்பையைத் தொட்டதே இல்லை. டியூக், நார்த் கரோலினா என்ற பெரிய அணிகள் இரண்டும் இருக்கிற லீக் அது, சும்மா இல்லை.

அவருடைய பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பா டிக் பென்னெட்டும் கோச். விஸ்கான்சினில் கிரீன் பே கல்லூரியில் அப்பா கோச்சாக இருந்தபோது மகன் அங்கேயே ஆடினார். மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு 49.7, இன்றுவரைக்கும் கல்லூரி ஆட்டத்தில் அதுதான் சாதனை. அப்புறம் என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்கில் ஷார்லட் ஹார்னெட்ஸ் அணியில் மூன்று சீசன். பின்னால் அப்பா வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார், கூடவே மகனும் உதவிப் பயிற்சியாளராகப் போனார். 2006இல் அப்பா ஓய்வு பெற்றதும் மகன் கையில் அணி வந்தது. முதல் வருடமே 26 வெற்றி, நாட்டின் சிறந்த கோச் விருது. பிறகு என்.பி.ஏ. நட்சத்திரமான கிளே தாம்சனை அந்தக் கல்லூரிக்குக் கொண்டுவந்ததும் இவர்தான். அங்கிருந்துதான் இங்கே வந்தார்.

20 அக்டோபர் 2024

நேற்று எழுதிவிட்டுப் படுத்தும் தூக்கம் வரவில்லை. "தூக்கம் வருகிறது" என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, அந்த ஆட்டமுறையை விளக்காமல் இவருடைய ஏற்ற இறக்கம் புரியாது. மகிமையும் அதிலிருந்துதான் வந்தது, அவமானமும் அதிலிருந்துதான் வந்தது.

அதற்குப் பெயர் பேக் லைன். அப்பா டிக் பென்னெட் உருவாக்கியது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே ஒன்றிரண்டு அடி தள்ளி இன்னொரு வளைகோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பந்து வைத்திருப்பவனை ஒருவன் நெருக்கிப் பிடிக்க வேண்டும். மீதி நாலு பேரும் அந்தக் கற்பனைக் கோட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். பாஸைத் தடுக்கப் பாயக் கூடாது, திருட ஆசைப்படக் கூடாது. எதிராளி உள்ளே புக எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நெஞ்சு எதிரே நிற்கும். வேண்டுமானால் வெளியே இருந்து எறி, அப்போதும் எங்கள் கை உன் முகத்துக்கு நேரே இருக்கும், என்பதுதான் கணக்கு.

நான் சனிக்கிழமைகளில் பத்துப் பதினொரு வயதுப் பெண் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கற்பனைக் கோடு என்றால் அந்த வயதில் எப்படிப் புரியும்? மஞ்சள் நிற ஸ்கிப்பிங் கயிறுகள் நாலைந்தை முடிச்சுப் போட்டுத் தரையில் வளைத்து வைத்தேன். "பந்து உன் ஆளிடம் வந்தால் மட்டும் கயிற்றைத் தாண்டு. பந்து போனதும் கயிற்றுக்குள் வந்துவிடு." முதல் நாள் கால் தடுக்கி இரண்டு பேர் விழுந்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கயிற்றை எடுத்துவிட்டேன். கயிறு இல்லாத தரையில் குனிந்து பார்த்துக்கொண்டே பின்வாங்கினார்கள். அதைப் பார்த்தபோது இந்த மனிதர் என்ன வேலை செய்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. பத்தொன்பது வயதுப் பையன்கள், ஊரில் நட்சத்திரமாக இருந்தவர்கள், இல்லாத ஒரு கோட்டுக்காகத் தன் ஆசையை அடக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள்.

இன்னொரு பாதி, தாக்குதல். அவசரமே கிடையாது. 30 நொடிக் கடிகாரத்தில் கடைசிச் சில நொடிவரை பந்தைச் சுற்றவிட்டு நல்ல இடம் கிடைத்தால்தான் எறிவார்கள். ஏறக்குறைய 350 அணிகள் ஆடுகிற முதல் பிரிவில், வேகத்தில் வருடா வருடம் வர்ஜீனியா அடிமட்டம். இதில்தான் கண்ணி இருக்கிறது. ஆட்டத்தில் வாய்ப்புகளின் எண்ணிக்கை குறைந்தால், பலமான அணிக்குத் தன் பலத்தைக் காட்ட நேரமும் குறைகிறது. பலவீனமான அணி பத்து நிமிடம் நன்றாக எறிந்துவிட்டால் போதும். பதினைந்து புள்ளி பின்னால் விழுந்துவிட்டால் மெதுவாக ஆடிப் பழகியவர்களுக்குத் துரத்தத் தெரியாது.

2018 மார்ச் 16 அன்று அதுதான் நடந்தது.

20 அக்டோபர் 2024, கொஞ்ச நேரம் கழித்து

அந்த ராத்திரியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், எழுதாமல் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தேன். ஆறு வருடம் ஆகியும் இப்படித்தான் இருக்கிறது.

வர்ஜீனியா 31 வெற்றி, 2 தோல்வி. நாட்டிலேயே முதலிடம். எதிரே யு.எம்.பி.சி., பால்டிமோர் பக்கத்து மேரிலாண்ட் பல்கலைக்கழகம், 16ஆம் இடத்து அணி, அதாவது போட்டியில் தன் பிரிவின் 16 இடங்களில் கடைசி. ஆண்கள் போட்டியில் அதுவரை முதலிடத்து அணிகள் 16ஆம் இடத்து அணிகளோடு 135 முறை மோதி 135 முறையும் ஜெயித்திருந்தன. இடைவேளையில் 21க்கு 21. "சரி, இனி ஏறிவிடுவார்கள்" என்று நான் டீ போடப் போனேன். இரண்டாம் பாதியில் அவர்கள் 53, நாம் 33. மொத்தம் 74க்கு 54. ஜைரஸ் லைல்ஸ் என்ற பையன் மட்டும் 28 புள்ளி. நம் ஆட்களில் டிஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு எலும்பு முறிந்து வெளியே உட்கார்ந்திருந்தார் என்பது உண்மைதான். ஆனால் 20 புள்ளித் தோல்விக்கு அது சாக்கு ஆகாது. பென்னெட்டும் அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்து செய்தியாளர் முன்னால் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் கைல் கை, டை ஜெரோம், இரண்டு பையன்கள். கைலின் கண்கள் சிவந்திருந்தன. பென்னெட் எதிரணியைப் பாராட்டினார், நன்றாக அடித்தார்கள், நாங்கள் சரியாக ஆடவில்லை என்றார், நடுவரைக் குறை சொல்லவில்லை, தலையைக் குனியவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை என் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன். உலகமே கேலி செய்கிற நேரத்தில் ஒரு ஆண் இப்படிப் பேச முடியும் என்பதை அவள் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

இந்த ஊருக்கு அது கெட்ட வருடம். 2017 ஆகஸ்டில் இனவெறிக் கும்பல் தீப்பந்தத்தோடு பல்கலைக்கழகப் புல்வெளியில் நடந்தது, மறுநாள் ஒருவன் கூட்டத்துக்குள் காரை விட்டு ஹெதர் ஹேயரைக் கொன்றான். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களுக்கு ஆறுதல் இந்த அணிதான். அதனால் அந்தத் தோல்வி வெறும் ஆட்டத் தோல்வியாக இல்லை. சொன்னால் மிகையாகத் தெரியும், இங்கே இருந்தவர்களைக் கேளுங்கள்.

21 அக்டோபர் 2024

"2019 கோப்பை வெறும் அதிர்ஷ்டம்" என்று கீழே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எதன்மேல் விழுந்தது என்று பாருங்கள்.

கைல் கை அந்தத் தோல்விப் படத்தைத் தன் போனின் முகப்புப் படமாக வைத்துக்கொண்டு வருடம் முழுக்க ஆடினார். முதல் சுற்றில் மறுபடி ஒரு 16ஆம் இடத்து அணி, கார்ட்னர்-வெப். முதல் பாதியில் 14 புள்ளி பின்தங்கினார்கள். எனக்குக் கை கால் நடுங்கியது. 71க்கு 56 என்று மீண்டார்கள். கால் இறுதியில் பர்டியூ. கார்சன் எட்வர்ட்ஸ் அன்றைக்கு 42 புள்ளி எடுத்தார், பத்து மூன்று புள்ளி எறிதல். இரண்டு புள்ளி பின்னால், சில நொடிகள் மிச்சம், ஜெரோமின் இரண்டாவது ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கிற ஒரு புள்ளி எறிதல்) தவறுகிறது. மமாடி டியாகிடே துள்ளி அதைத் தட்டிவிடுகிறார், பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் ஓடுகிறது. அதைத் துரத்திப் பிடித்தவர் கிஹே கிளார்க், முதலாண்டு மாணவர், அணியிலேயே குள்ளம். பிடித்ததும் அந்தத் தூரத்திலிருந்தே எறிந்திருக்கலாம், நானாக இருந்தால் எறிந்திருப்பேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒற்றைக் கையால் நீளமாக டியாகிடேவுக்குத் தள்ளினார். மணி அடிக்கும்போது பந்து காற்றில், உள்ளே. கடைசி நொடியில் ஜெயித்தார்கள்.

அரை இறுதியில் ஆபர்ன். 62க்கு 60 என்று பின்னால் இருக்கும்போது 0.6 நொடி மிச்சத்தில் கைல் கை எறியும்போது ஃபவுல் செய்துவிட்டார்கள், மூன்று ஃப்ரீ த்ரோ. மூன்றும் உள்ளே. 63க்கு 62. இறுதியில் டெக்சஸ் டெக், 85க்கு 77, ஓவர்டைமில். முந்தைய வருடம் மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஹண்டர் 27 புள்ளி. ஏப்ரல் 8. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பல்கலைக்கழகம் எதிரே கார்னர் தெருவில் மாணவர்கள் கூட்டம் தேர்த் திருவிழா மாதிரி. என் கணவர் கூட்டம் என்றாலே ஒதுங்குகிறவர், அவரே "வா போகலாம்" என்றார்.

22 அக்டோபர் 2024

ஒரு திருத்தம். பர்டியூ ஆட்டத்தில் "கடைசி நொடியில் ஜெயித்தார்கள்" என்று எழுதிவிட்டேன். டியாகிடே எறிந்ததில் 70க்கு 70 என்று சமன் ஆனது, அவ்வளவுதான். ஓவர்டைமில்தான் 80க்கு 75 என்று ஜெயித்தார்கள். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. மனசு அந்த ஒரு பாஸோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டுவிட்டது போலிருக்கிறது.

அந்த வருடம் செப்டம்பரில் பல்கலைக்கழகம் பென்னெட்டின் சம்பளத்தை உயர்த்த முன்வந்தபோது வேண்டாம் என்றார். எனக்கு இருப்பதே போதும், என் உதவியாளர்களுக்கும் மற்ற விளையாட்டுகளுக்கும் கொடுங்கள் என்றார். அவரும் மனைவி லாரலும் வீரர்களின் பிற்காலத்துக்கு உதவும் திட்டம் ஒன்றுக்கு 5 லட்சம் டாலர் தருவதாகவும் அறிவித்தார்கள். ஓடிப்போகிற ஆள் செய்கிற காரியமா இது?

27 அக்டோபர் 2024

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "கோப்பைக்குப் பிறகு என்ன ஆச்சு, அதை ஏன் தாண்டிப் போகிறீர்கள்?" என்கிறார். நியாயம். தாண்டவில்லை.

2020இல் கொரோனா, போட்டியே நடக்கவில்லை. 2021இல் அணிக்குள்ளேயே தொற்று, தனிமையில் கிடந்துவிட்டு ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் போய்ச் சேர்ந்தார்கள். முதல் சுற்றிலேயே ஒஹாயோவிடம் 62க்கு 58 என்று தோல்வி. 2022இல் பெரிய போட்டிக்கே தகுதி இல்லை. 2024 மார்ச்சில் கொலராடோ ஸ்டேட்டிடம் 67க்கு 42, பார்க்கவே சகிக்கவில்லை. ஆக, கோப்பைக்குப் பிறகு மார்ச் போட்டியில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

2023ஐ வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். ஃபர்மன், 13ஆம் இடத்து அணி. வர்ஜீனியா 67க்கு 65 என்று முன்னால். பத்து நொடிகூட இல்லை. பந்து கிஹே கிளார்க்கிடம், அதே கிளார்க், இப்போது ஐந்தாம் வருடம், அணியின் பெரியண்ணன். தன் பக்க மூலையில் இருவர் வளைத்துக்கொண்டார்கள். பந்தை மடியில் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் ஃபவுல் செய்திருப்பார்கள், இவருக்கு ஃப்ரீ த்ரோ கிடைத்திருக்கும். அவர் நீளமாக ஒரு பாஸ் எறிந்தார். இடையில் பிடித்துவிட்டார்கள், அடுத்த கணம் மூன்று புள்ளி. 68க்கு 67. தேதி மார்ச் 16. யு.எம்.பி.சி. ஆட்டம் நடந்த அதே தேதி, சரியாக ஐந்து வருடம்.

ஒரே கை, ஒரே மாதிரி நீளப் பாஸ், ஒன்றில் கோப்பைக்கு வழி, இன்னொன்றில் வீட்டுக்கு வழி. பென்னெட் அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. எனக்கு இவர்மேல் மரியாதை வந்தது கோப்பை வாங்கின அன்றைக்கு அல்ல, இந்த இரண்டு மார்ச் 16களில்தான்.

கோச்சுகளில் இவருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அந்த ஃபர்மன் ஆட்டத்துக்கு மறுநாள், பர்டியூ கோச் மாட் பெயின்டர் ஃபேர்லி டிக்கின்சனிடம் தோற்றார், 63க்கு 58. ஆண்கள் போட்டியில் முதலிடத்து அணி 16ஆம் இடத்து அணியிடம் தோற்றது அதுதான் இரண்டாவது தடவை. அடுத்த வருடமே அவர் இறுதி ஆட்டம்வரை வந்தார். 2019இல் கிளார்க்கின் பாஸால் தோற்ற அதே பெயின்டர்தான்.

3 நவம்பர் 2024

இத்தனை எழுதிவிட்டு முக்கியமான கேள்வியை விட்டுவிட்டேன். ஏன் போனார்?

அவர் சொன்னது இதுதான். இந்தப் புதிய சூழலுக்கு நான் ஏற்றவன் இல்லை, முழு மனசோடு நிற்க முடியாதவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பையன்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அநியாயம். வீரர்களுக்குப் பணம் போவது சரிதான் என்பதையும் தெளிவாகவே சொன்னார். அதைத் திரித்து "பையன்களுக்குக் காசு கொடுப்பது பிடிக்காமல் போனார்" என்று சிலர் பரப்புகிறார்கள்.

2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம். அதே வருடத்திலிருந்து கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டியதும் இல்லை. பையன்களுக்கு இது நல்லது. இத்தனை வருடம் அவர்கள் உழைப்பில் மற்றவர்கள்தான் கொழுத்தார்கள். ஆனால் பென்னெட்டின் முறை எதில் நின்றது? முதல் வருடம் பெஞ்சில் உட்கார், இரண்டாம் வருடம் பத்து நிமிடம் ஆடு, நான்காம் வருடம் நீ நட்சத்திரம். மால்கம் பிராக்டன் இங்கே ஐந்து வருடம் இருந்துதான் வளர்ந்தார், என்.பி.ஏ.வுக்குப் போய் 2017இன் சிறந்த புதுமுகம் ஆனார். என் கயிறு போடுகிற கதையை நினைத்துப் பாருங்கள். கயிற்றை எடுத்த பிறகும் கோடு தெரிய வேண்டுமானால் காலம் வேண்டும். வருடா வருடம் பாதி அணி புதுசு என்றால் கயிறு போடவே சீசன் முடிந்துவிடும்.

இப்படி எழுதும்போதே எனக்கு இடறுகிறது. ஏப்ரலில் தெரியாததா இது? அக்டோபரில்தான் தெரிந்ததா? இலையுதிர் விடுமுறையில் மனைவியோடு வெளியூர் போயிருந்தபோது தெளிவு வந்தது என்கிறார். மனுஷனுக்குத் தெளிவு எப்போது வரும் என்று யாரும் நாள் குறிக்க முடியாது. ஆனால் வகுப்புத் தொடங்கி, வேறு கல்லூரியில் இடம் தேட வழியில்லாத நேரம். கோச் விலகினால் வீரர்கள் கல்லூரி மாற 30 நாள் அவகாசம் விதியில் இருந்தது, ஒரு பையன் கிளம்பியும்விட்டார். மற்றவர்கள்?

கேள்வி கேட்டவரே, இந்த இடத்தில் நீங்கள் சொன்னதில் பாதி சரி. முதல் நாள் ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

அதற்குக் காரணமும் இருக்கிறது. கோவைப் பக்கம் பள்ளியில் நான் ஆடியபோது மண்டலப் போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கையில் எங்கள் பி.டி. மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். வேறு ஊரில் வேலை கிடைத்ததாம். சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு எங்களை ஓடவைத்தவர், முட்டியில் சிராய்த்தால் தானே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டவர். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடமாக அந்த ஆள்மேல் எனக்குக் கோபம். அப்படியிருந்தும் பென்னெட் போனதும் அவருக்காக வரிந்துகட்டிக்கொண்டு வந்தேன். மாஸ்டருக்குக் கொடுக்காத நியாயத்தை இவருக்கு எப்படிக் கொடுக்கிறேன்?

10 நவம்பர் 2024

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு என் பள்ளித் தோழி திருப்பூரிலிருந்து போன் செய்தாள். எங்கள் அணிக்கு அவள்தான் கேப்டன். எடுத்த எடுப்பிலேயே, "மாஸ்டர் சொல்லாம போனாருன்னு எழுதியிருக்கியே, யாருடி சொன்னா உனக்கு?" என்றாள்.

எனக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. பதினைந்து நாள் பள்ளிக்கே போகவில்லை. மாஸ்டர் எல்லோரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அவர் இருந்தது தற்காலிக வேலை, நிரந்தர வேலைக்கு ஆர்டர் வந்தது, மூன்று நாளில் சேராவிட்டால் போய்விடும். என்னைப் பற்றி விசாரித்தாராம், அம்மை போட்ட வீட்டுக்கு வரக்கூடாதே என்று வாசல்வரை வந்து திரும்பிவிட்டாராம். ஒரு நாற்பது பக்க நோட்டில் மண்டலப் போட்டிக்கு வருகிற ஒவ்வொரு அணியைப் பற்றியும் எழுதி இவளிடம் கொடுத்திருக்கிறார். யார் இடது கைக்காரி, யார் மூச்சு வாங்குவாள், யாரை எந்தப் பக்கம் தள்ள வேண்டும்.

அந்த நோட்டு எனக்கு நினைவிருக்கிறது. இடைவேளையில் இவள் பிரித்துப் படித்துச் சொல்லுவாள். இவளே எழுதியது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இரண்டாம் சுற்றில் தோற்றோம், அதுவரை எங்கள் பள்ளி முதல் சுற்றையே தாண்டியதில்லை.

மாஸ்டர் இப்போது இல்லையாம். நாலு வருடம் ஆகிறதாம்.

இன்றைக்கு பென்னெட்டைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

28 டிசம்பர் 2024

மயாமி கோச் ஜிம் லாரன்யாகா முந்தாநாள் விலகிவிட்டார், சீசன் நடுவில். வயது 75. 2023இல்தான் அந்த அணியைத் தேசியப் போட்டியின் கடைசி நால்வருக்குள், அதாவது அரை இறுதிக்கு, கொண்டுபோனார். 2006இல் ஜார்ஜ் மேசன் என்ற சின்னக் கல்லூரியைக் கடைசி நால்வரில் நிறுத்தி நாட்டையே திகைக்கவைத்தவர். எண்பதுகளில் இதே வர்ஜீனியாவில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவரும்கூட. களைத்துவிட்டேன் என்கிறார். வில்லனோவா கல்லூரியில் கோச்சாக இருந்த ஜே ரைட் 2022இலேயே 60 வயதில் போய்விட்டார். ஒருவர் போனால் அவர் மனசு, இத்தனை பேர் போனால் தொழிலிலேயே ஏதோ மாறியிருக்கிறது.

இங்கே ரான் சான்செஸ் தற்காலிகக் கோச். வாஷிங்டன் ஸ்டேட் நாளிலேயே பென்னெட்டோடு வேலை செய்தவர். இன்னொருவர் சமைத்துப் பாதியில் வைத்துவிட்டுப் போன அடுப்படியில் நிற்கிற மாதிரி நிற்கிறார். அவரைத் திட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

16 மார்ச் 2025

சீசன் முடிந்தது. 15 வெற்றி, 17 தோல்வி. சான்செஸுக்கு வேலை தொடராது என்று சொல்லிவிட்டார்கள். பென்னெட் வந்த வருடம் 15க்கு 16, அவர் போன வருடம் 15க்கு 17. இங்கே மொத்தமாக அவர் கணக்கில் 364 வெற்றி, 136 தோல்வி.

கடைசி உள்ளூர் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். கால் நீட்டி உட்கார இடம் இருந்தது. "தூக்கம் வருகிறது" என்ற பெரியவர் சீட்டில் வேறு யாரோ.

23 மார்ச் 2025

புதிய கோச்சை அறிவித்துவிட்டார்கள். ரயன் ஓடம். பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. 2018 மார்ச் 16 அன்று யு.எம்.பி.சி. பெஞ்சில் கோச்சாக நின்றவர் அவர்தான்! எங்களுக்கு அந்த 20 புள்ளி அடியைக் கொடுத்தவரை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்திருக்கிறார்கள்.

சில பேர் கொதிக்கிறார்கள். கொஞ்சம் கேளுங்கள். அவருடைய அப்பா டேவ் ஓடம் எண்பதுகளில் இங்கே உதவிப் பயிற்சியாளர். சின்னப் பையனாக ரயன் இங்கே அப்போதைய பழைய அரங்கத்தில்தான் ஆட்டங்களில் பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பழைய அரங்கம் 2019 மே மாதம் இடிக்கப்பட்டது, நாங்கள் தூரத்தில் நின்று புழுதி எழுவதைப் பார்த்தோம். அந்தத் தரையில் வளர்ந்த பையன்தான் பிறகு வந்து எங்களை அடித்தது. அந்த ராத்திரி ஆட்டம் முடிந்ததும் பென்னெட் போய் அவரைக் கைகுலுக்கி வாழ்த்தினார், அதையும் பார்த்திருக்கிறேன்.

29 மார்ச் 2025

கேள்வி கேட்டவர் ஐந்து மாதம் கழித்து மறுபடி எட்டிப்பார்த்து, "கடைசியாக என்னதான் சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

போனது சரி. போன நாள் தப்பு. ஏப்ரலில் போயிருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்துக்கான விலையை அவர் கொடுக்கவில்லை, 15க்கு 17 என்று பையன்களும் சான்செஸும் கொடுத்தார்கள். இதை முதல் நாள் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் ஓடிப்போனார் என்ற வார்த்தையை இப்போதும் ஏற்கமாட்டேன், அம்மை போட்டிருந்த வீட்டின் வாசல்வரை வந்து திரும்பினவரை இருபத்தெட்டு வருடம் அந்த வார்த்தையால் திட்டியிருக்கிறேன்.

இன்று காலை எங்கள் குழந்தைகளுக்குக் கடைசி ஆட்டம். 18க்கு 16 என்று தோற்றோம். கடைசி நிமிடத்தில் எங்கள் குட்டிப்பெண் ஒருத்தி மூலையில் மாட்டிக்கொண்டு நீளமாக ஒரு பாஸ் எறிந்தாள், எதிரணி பிடித்துவிட்டது. அழுதுகொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவளிடம் கிஹே கிளார்க் கதையைச் சொன்னேன், இரண்டு பாஸையும். "முதல் பாஸ் எறியும்போது அவருக்கு வயசு என்ன?" என்று கேட்டாள். பத்தொன்பது இருக்கும் என்றேன். "அப்ப எனக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கு" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.